வெள்ளியா, முலாமா? பழைய கோப்பைகளின் வயதைக் கண்டறிதல்

நம்மவர் வீடுகளில் ஷோகேஸிலோ, பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியிலோ வெள்ளி போல மின்னும் ஒரு கோப்பை இருப்பது அபூர்வமல்ல. கீழே வட்டமான பாதம், நடுவில் மெல்லிய தண்டு, மேலே ஆழமான கிண்ணம். ஆங்கிலேயர் இதைக் 'காப்லெட்' என்பார்கள். அவர்கள் ஊரில் இது திராட்சை மது அருந்தும் பாத்திரம். நம் தாத்தாக்கள் அதற்காக வைத்துக்கொள்ளவில்லை என்று நம்பலாம்! கிளப் டென்னிஸ் பந்தயப் பரிசாகவோ, மாற்றலாகிப் போன துரை கொடுத்த ஞாபகார்த்தமாகவோ அது வீட்டுக்கு வந்திருக்கும். மும்பை சோர் பஜாரிலும் கொல்கத்தா ரஸ்ஸல் தெரு ஏலக்கடைகளிலும் ஆசைப்பட்டு வாங்கி வந்தவர்களும் உண்டு.

மாம்பலத்திலும் மாதுங்காவிலும் பழைய வீடுகள் அடுக்குமாடிகளாக மாறி வருகின்றன. பெரியவர்கள் காலமாகிவிட, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சாமான்களைப் பிரிக்கும் நாளில் இந்தக் கோப்பை கையில் வரும். அப்போது இரண்டு விதமான நஷ்டம் ஏற்படுகிறது. வெள்ளி என்று நம்பிச் சகோதர சகோதரிகளுக்குள் பங்கு பிரித்து, பிற்பாடு மனஸ்தாபம் வருவது ஒன்று. 'வெறும் முலாம்தானே' என்று காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, நூறாண்டுச் சரித்திரத்தை இழப்பது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம், கோப்பையைத் திருப்பி அடிப்பாகத்தை யாரும் நிதானமாகப் படிக்காததுதான். அந்த அடிப்பாகத்தில் இருப்பது இங்கிலாந்தின் சட்டமும் ரசாயனமும் சேர்ந்து எழுதிய ஒரு சரித்திரம். அதைப் படிக்கத் தெரிந்தால் பெரும்பாலான கோப்பைகளின் வயதை ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம்.

ஷெஃபீல்டில் ஒரு கத்திப்பிடி

வெள்ளி முலாம் கோப்பையின் கதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தொடங்குகிறது. கத்தி, கத்தரிக்கோல்களுக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே தாமஸ் போல்சோவர் என்ற கத்தித் தொழிலாளி, சுமார் 1743 இல் ஒரு கத்திப்பிடியைச் சீர்செய்துகொண்டிருந்தபோது, சூடேறிய வெள்ளியும் தாமிரமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார் என்பார்கள். ஒட்டிய கட்டியை உருளையில் கொடுத்துத் தகடாக இழுத்தபோது இரண்டு உலோகங்களும் ஒன்றுபோலவே நீண்டன. வெளியே வெள்ளி, உள்ளே தாமிரம். அவர் இதைக்கொண்டு பெரும்பாலும் பொத்தான்களும் சிறு டப்பிகளும் செய்தார். பிற்பாடு ஜோசப் ஹான்காக் போன்றவர்கள் மெழுகுவத்தித் தண்டு, காப்பிப் பானை போன்ற பெரிய பாத்திரங்களுக்குக் கொண்டுபோனார்கள். பர்மிங்காமில் மாத்யூ போல்டன் இதைப் பெரிய தொழிலாகவே நடத்தினார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்குக் கூட்டாளியாக இருந்தாரே, அதே போல்டன்தான்.

இந்தப் பொருள்களை இப்போது 'பழைய ஷெஃபீல்டு பிளேட்' என்பார்கள். அடையாளம் காண்பது கடினமல்ல. தகட்டை வளைத்து ஒட்டியிருப்பதால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக்கோடு தெரியும். கண்ணாடியைத் துடைக்க வாயால் ஊதுவதுபோல் ஊதினால் கோடு எழும்பும். வெட்டிய தகட்டின் ஓரத்தில் தாமிரம் தெரியக்கூடாது என்பதற்காக விளிம்பை மடித்தோ வெள்ளிக்கம்பி வைத்தோ மறைத்திருப்பார்கள். விரலால் தடவினால் அந்த மடிப்பு தட்டுப்படும். பல ஆண்டுகள் துலக்கியதில் தேய்ந்த மேடுகளில் இளஞ்சிவப்பாகத் தாமிரம் எட்டிப் பார்க்கும். இப்படிப்பட்ட கோப்பை உங்களிடம் இருந்தால் அது பெரும்பாலும் 1750 க்கும் 1850 க்கும் இடைப்பட்டது.

எச்சரிக்கை ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் தாமிரத்தின்மேல் மின்சார முலாம் பூசி, பழைய ஷெஃபீல்டு போலவே தோன்றும் பொருள்களும் ஏராளமாக வந்தன. அவற்றில் மடித்த விளிம்பு இருக்காது. முலாம் ஓரம்வரை ஒரே சீராகப் பரவியிருக்கும். சிவப்பு தெரிகிறது என்பதற்காக மட்டும் பழசு என்று முடிவு கட்டக்கூடாது.

சட்டம் போட்ட வேலிகள்

அசல் வெள்ளிக்கு இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக முத்திரை உண்டு. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி இருந்தால் 'ஸ்டெர்லிங்'. அதற்கு அடையாளம் முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம். கூடவே ஊர் முத்திரை, ஆண்டெழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையும் சேர்ந்தது. 1773 இல் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சொந்தமாகத் தரச் சோதனை அலுவலகம் கிடைத்தது. பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். இரு ஊர்ப் பிரதிநிதிகளும் லண்டனில் சந்தித்த விடுதியின் பெயர் 'கிரீடமும் நங்கூரமும்' என்பதால் இந்தச் சின்னங்கள் வந்தன என்று ஒரு கதை வழங்குகிறது. கடல் இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரம் கிடைத்ததற்கு வேறு நல்ல விளக்கம் சொல்வாரில்லை. ஷெஃபீல்டின் கிரீடம் 1975 இல் ரோஜாவாக மாறியது.

முலாம் பொருளை வெள்ளி என்று விற்பவர்கள் அன்றும் இருந்தார்கள். எனவே 1773 ஆம் ஆண்டுச் சட்டம் முலாம் பாத்திரங்களில் எந்த முத்திரையும் கூடாது என்றது. வியாபாரிகள் முறையிட்டதன்பேரில் 1784 இல், வெள்ளி முத்திரையோடு குழம்பாதபடி தங்கள் பெயரையும் ஒரு சின்னத்தையும் பதிவு செய்து பொறிக்கலாம் என்று தளர்த்தினார்கள். போல்டன் தமக்கு இரட்டைச் சூரியனைத் தேர்ந்தெடுத்தார். எனவே பழைய ஷெஃபீல்டு கோப்பையில் முத்திரையே இல்லை என்றால் அது குறையல்ல. அந்தக் காலத்தின் சட்டத்தோடு அது ஒத்துப்போகிறது.

ஜெர்மன் சில்வரும் மின்சாரமும்

நம் கல்யாணங்களில் தாம்பூலப் பையோடு தரும் 'ஜெர்மன் சில்வர்' கிண்ணம் எல்லோருக்கும் தெரியும். அந்த உலோகக் கலவையில் வெள்ளி ஒரு குந்துமணிகூடக் கிடையாது. தாமிரம், நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த வெண்ணிறக் கலவை அது. சுமாராக 60, 20, 20 என்ற விகிதம் வழக்கம். சீனர்கள் இதைப் போன்ற வெண்தாமிரத்தை வெகு காலமாகச் செய்துவந்தார்கள். 1823 வாக்கில் ஜெர்மனியின் சாக்ஸனியில் கைட்னர் என்பவர் அதன் ரகசியத்தைக் கண்டார். அதனால்தான் இந்தப் பெயர்.

இது நம் கோப்பைக்கு ஏன் முக்கியம்? தாமிரத்தின்மேல் வெள்ளி தேய்ந்தால் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மன் சில்வர்மேல் தேய்ந்தால் சட்டென்று தெரியாது. அதன்மேல் வெள்ளியைப் பூசும் முறையை மாற்றியது மின்சாரம்தான்.

வோல்டா 1800 இல் மின்கலத்தைக் கண்டுபிடித்தார். 1833-34 இல் ஃபாரடே மின்பகுப்பு விதிகளை வகுத்தார். பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் ரைட் என்ற அறுவை மருத்துவர், பொட்டாசியம் சயனைடு கரைசலில் வெள்ளியைக் கரைத்தால் முலாம் உறுதியாகவும் சீராகவும் படிகிறது என்று கண்டார். அந்த ஊர் எல்கிங்டன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் அவர் கண்டுபிடிப்பையும் சேர்த்து 1840 இல் காப்புரிமை பெற்றார்கள். மின்கலத்துக்குப் பதிலாக, உல்ரிச் என்பவர் வடிவமைத்த காந்த மின்னாக்கியை 1844 லேயே தங்கள் பட்டறையில் ஓட்டினார்கள். தொழிற்சாலையில் வேலை செய்த முதல் மின்னாக்கிகளில் ஒன்றான அது இன்றும் பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மின்சார விளக்கு வீடுகளுக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, மின்சாரம் கரண்டிக்கும் கோப்பைக்கும் வெள்ளி பூசிக்கொண்டிருந்தது!

1850 களின் நடுவில் காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஷெஃபீல்டிலும் பர்மிங்காமிலும் முலாம் பட்டறைகள் பெருகின. பழைய ஷெஃபீல்டு முறை படுத்துவிட்டது. நம் வீடுகளில் இருக்கும் கோப்பைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் காலத்தைச் சேர்ந்தவைதான்.

அடியில் இருக்கும் எழுத்துகள்

கோப்பையின் பாதத்துக்கு அடியிலோ கிண்ணத்தின் வெளிப்புறத்திலோ பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நான்கு சிறிய கட்டங்களில் தனித்தனியாக ஈ, பி, என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகள், பெரும்பாலும் பழங்கால அலங்கார வடிவில், இருக்கக்கூடும். தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கம், நங்கூரம், ஆண்டெழுத்து என்ற அசல் முத்திரை வரிசைபோலவே தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதுதான் நோக்கமும். 'எலெக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர்' என்பதன் சுருக்கம் அது. கடைசி எழுத்தைப் பார்த்து 'ஸ்டெர்லிங்' என்று நினைப்பவர்கள் பலர். 'ஈ.பி.' என்று மட்டும் இருந்தாலும் மின்முலாம்தான். 'ஈ.பி.பி.எம்.' என்றால் உள்ளே பிரிட்டானியா மெட்டல். அது வெள்ளீயமும் ஆன்டிமனியும் முக்கியமாகச் சேர்ந்த மெத்தென்ற கலவை. 'ஏ 1' என்பது முலாமின் கனத்தைப் பற்றி வியாபாரி சொல்லிக்கொள்வது. தரச் சோதனை அலுவலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விதி எளிது: சிங்கம் இல்லாத இங்கிலாந்துக் கோப்பை பெரும்பாலும் வெள்ளியாக இருக்காது.

அமெரிக்கப் பொருள்களில் இன்னொரு பொறி உண்டு. '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று பொறித்த பாத்திரங்களை 1847 இல் செய்தவை என்று விற்பார்கள். அது ரோஜர்ஸ் சகோதரர்கள் தொழில் தொடங்கிய ஆண்டைக் குறிக்கும் வியாபாரப் பெயர். இருபதாம் நூற்றாண்டுப் பொருளிலும் அதே 1847 தான் இருக்கும்.

காலத்தைக் காட்டும் ஆறு தடயங்கள்

முலாம் பொருளுக்கு ஆண்டெழுத்து கட்டாயமில்லை. எனவே அதன் வயதை 'இதற்கு முன் இருக்க முடியாது, இதற்குப் பின் இருக்க முடியாது' என்று இரண்டு பக்கமும் வேலி போட்டுத்தான் கணிக்க வேண்டும்.

1. செய்தவர் சின்னம். எல்கிங்டன் நிறுவனம் 1842 இல் ஜோசையா மேசனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது. சுமார் இருபது ஆண்டுகள் மேசனின் முதலெழுத்தும் முத்திரையில் இருக்கும். அவர் விலகிய பிறகு இருக்காது. இந்த நிறுவனம் தானாகவே ஆண்டுக்கு ஓர் எழுத்தும் பொறித்துவந்தது. அதற்கான அட்டவணைகள் அச்சில் கிடைக்கின்றன. வாக்கர் அண்ட் ஹால் என்றால் முக்கோணக் கொடி. ஜேம்ஸ் டிக்ஸன் என்றால் கொடி தொங்கும் எக்காளம்.

2. வைர வடிவ முத்திரை. 1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் பதிவு செய்த வடிவமைப்புகளுக்கு இந்தச் சின்னம் உண்டு. உச்சியில் உள்ள சிறு வட்டத்தில் ரோமன் ஒன்று இருந்தால் உலோகப் பொருள். 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையில் இருக்கும். 1868 முதல் வலது மூலைக்கு மாறிவிட்டது.

3. பதிவு எண். 1884 இல் வைரம் போய், 'ஆர்.டி.' என்ற எழுத்துகளோடு ஒன்றிலிருந்து தொடர் எண் வந்தது. 1890 தொடக்கத்தில் அது சுமார் 1,41,000. 1900 தொடக்கத்தில் சுமார் 3,51,000. வடிவமைப்பைப் பதிவு செய்த ஆண்டைத்தான் இது காட்டும். அதே வடிவத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செய்திருக்கலாம்.

4. கிரீடம். முலாம் பட்டறைகள் பல தங்கள் சின்னத்தோடு கிரீடத்தையும் சேர்த்துவந்தன. அது ஷெஃபீல்டு வெள்ளி முத்திரையோடு குழம்புகிறது என்பதால் 1896 இல் தடுத்தார்கள். கிரீடம் உள்ள முலாம் கோப்பை பெரும்பாலும் அதற்கு முந்தையது.

5. 'இங்கிலாந்து' என்ற சொல். அமெரிக்கா 1890 இல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. எனவே அந்தப் பெயர் இருந்தால் 1891 க்குப் பிந்தையது என்று கொள்ளலாம். 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுமையாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. பெயர் இல்லாததால் மட்டும் பழசு என்று சொல்லிவிட முடியாது. உள்நாட்டில் விற்றதற்கு அது தேவையில்லை.

6. பொறித்த வாசகம். பரிசுக் கோப்பைகளில் இதுவே பெரிய சாட்சி. ஊர், கிளப், ஆண்டு, வென்றவர் பெயர் எல்லாம் இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கோப்பையில் முக்கோணக் கொடி, ஈ.பி.என்.எஸ்., 'இங்கிலாந்து', பதிவு எண் 3,60,000 க்கு அருகில், வெளியே ஒரு டென்னிஸ் பந்தயத்தின் பெயரும் 1911 என்ற ஆண்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொடியால் வாக்கர் அண்ட் ஹால், ஷெஃபீல்டு. பதிவு எண்ணால் வடிவமைப்பு 1900 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாசகத்தால் 1911 இல் பரிசாகக் கொடுத்தாகிவிட்டது. ஆக, கோப்பை பிறந்தது 1900 க்கும் 1911 க்கும் நடுவில். எந்த நிபுணரிடமும் போகாமல் பதினோரு ஆண்டு வட்டத்துக்குள் வந்துவிட்டோம்.

வீட்டிலேயே ஆர்க்கிமிடீஸ்

முத்திரை தேய்ந்துபோயிருந்தால் என்ன செய்வது? உரைகல்லும் அமிலமும் வேண்டாம். பொருள் பாழாகும். காந்தமும் உதவாது. வெள்ளியைப் போலவே ஜெர்மன் சில்வரும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. பள்ளியில் படித்த அடர்த்தி போதும். ஸ்டெர்லிங் வெள்ளியின் ஒப்படர்த்தி சுமார் 10.4. ஜெர்மன் சில்வர் 8.7, பித்தளை 8.5, பிரிட்டானியா மெட்டல் 7.3.

சமையலறை டிஜிட்டல் தராசில் கோப்பையின் எடையை எடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, கோப்பையை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கவிடுங்கள். காற்றுக்குமிழ் தங்கக்கூடாது. இப்போது தராசு காட்டுவது கோப்பை இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. 260 கிராம் கோப்பை வெள்ளியானால் 25 கிராம் காட்டும். ஜெர்மன் சில்வரானால் 30 கிராம். தண்டு மூடிய குழாயாக இருந்தாலோ, பாதத்துக்குள் கனத்துக்காக வேறு ஏதாவது நிரப்பியிருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது.

சரி, முலாம்தான் என்று தெரிந்துவிட்டது. உள்ளே எவ்வளவு வெள்ளி இருக்கும்? நடுத்தரக் கோப்பையின் உள்ளும் புறமும் சேர்ந்து 500 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். நல்ல கனமான முலாம் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. பெருக்கினால் ஒரு கன சென்டிமீட்டர், சுமார் பத்தரை கிராம். 1940 க்கு முந்தைய வெள்ளி ரூபாய் ஒன்றில் இருந்த வெள்ளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஃபாரடே விதிப்படி ஒரு ஆம்பியர் மின்சாரம் மணிக்கு 4 கிராம் வெள்ளியைப் படியவைக்கும். ஆகவே இரண்டரை மணி நேர வேலை. மலிவான முலாம் 5 மைக்ரான் என்றால் நாலணா வெள்ளிதான் மிச்சம்! இதற்காகவா எடைக்குப் போட்டு உருக்க வேண்டும்?

நம் நாட்டுத் தொடர்பு

அடியில் 'மதராஸ்' அல்லது 'கல்கத்தா' என்று இருந்தால் அங்கே செய்ததாக நினைக்க வேண்டாம். சென்னை மவுண்ட் ரோடில் பி. ஓர் அண்ட் சன்ஸ், நம் பேச்சு வழக்கில் 'பி.ஆர். அண்ட் சன்ஸ்', கல்கத்தாவில் ஹாமில்டன் கம்பெனி போன்றவை சொந்தமாக அசல் வெள்ளிப் பொருள்களும் செய்தன. ஆனால் ஈ.பி.என்.எஸ். முத்திரையோடு கடைப்பெயரும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் அது விற்றவரின் பெயர். செய்தது ஷெஃபீல்டாகவோ பர்மிங்காமாகவோ இருக்கலாம்.

இன்னொன்று மொராதாபாத். உத்தரப் பிரதேசத்தின் இந்தப் பித்தளை நகரம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளி முலாம் பூசிய பித்தளைக் கோப்பைகளை உலகமெங்கும் ஏற்றுமதி செய்தது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் அங்குள்ள பழைய சாமான் கடைகளில் வாங்கும் கோப்பைகளில் கணிசமானவை நம் ஊரிலிருந்தே போனவை. தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் உள்ளே பித்தளை. மேலே ஈ.பி.என்.எஸ். என்றே இருந்தாலும் கண்ணை நம்புங்கள், எழுத்தை நம்பாதீர்கள். தாமிரத்துக்குச் சிவப்பு, பித்தளைக்கு மஞ்சள், ஜெர்மன் சில்வருக்கு லேசான மஞ்சள் கலந்த சாம்பல், பிரிட்டானியா மெட்டலுக்கு மங்கிய ஈய நிறம். இந்த நான்கையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

துலக்குமுன் யோசியுங்கள்

நம் வீட்டுப் பெண்மணிகள் வெள்ளியை விபூதியாலும் பல்பொடியாலும் பளபளவென்று துலக்குவார்கள். கெட்டி வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது சரி. முலாமுக்கு ஒவ்வொரு துலக்கலும் ஆயுளைக் குறைக்கும். கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு. அகலப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சூடான தண்ணீரும் ஆப்பசோடாவும் விட்டு, கோப்பை தாளைத் தொடும்படி சில நிமிஷங்கள் வைத்தால் கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி கோப்பையிலேயே தங்கும். பிறகு மெல்லிய துணியால் ஒற்றினால் போதும். உட்புறம் பொன்முலாமோ, பாதத்துக்குள் நிரப்பிய பொருளோ இருந்தால் இதையும் செய்ய வேண்டாம்.

மறு முலாம் பூசுவதற்கு அவசரப்பட வேண்டாம். பட்டறையில் முதலில் நன்றாகத் தேய்த்து மெருகேற்றிவிட்டுத்தான் புது வெள்ளி பூசுவார்கள். கொடியும், பதிவு எண்ணும், தாத்தாவின் பெயரும் அந்தத் தேய்ப்பில் மழுங்கிவிடும். கோப்பை புதிதாகும், சாட்சியம் போய்விடும். அதற்கு முன் எழுத்துகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, எடை, உயரம், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கோப்பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

வெள்ளிக்கு மதிப்பு எடையில். முலாம் கோப்பைக்கு மதிப்பு அதன் அடியில் இருக்கும் எழுத்தில். பாட்டனார் 1911 இல் நாகபுரியிலோ ஜபல்பூரிலோ உத்தியோகம் பார்த்தார் என்பதற்குக் குடும்பத்தில் வேறு எழுத்து ஆதாரம் இல்லாமல் போகலாம். பங்கு பிரிக்கும் நாளில் தராசை எடுப்பதற்கு முன் பூதக்கண்ணாடியை எடுங்கள்.